கலியபெருமாள் படித்த ஒரே நாவல்

"மேடம், நாளைக்கு அவரு வரமாட்டாரு" என்றார் கலியபெருமாளின் மனைவி அஞ்சலை தொலைபேசியில்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை வங்கித் தேர்வுப் புத்தகத்தின் அடுத்த பாடத்தை அவர் ஒலிப்பதிவுக்காகப் படிப்பதாக இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தாரு. டீ போட்டுட்டு எழுப்புனேன். போயிட்டாரு." பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "நீங்க பாட்டுக்கு வந்து காத்துக்கிட்டு இருப்பீங்களேன்னுதான் சொன்னேன்" என்றார்.

மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. இந்த வயதில் ஒரு சாவுச் செய்தி வந்தால் முதலில் உடம்பில் ஒரு பெரிய அசதிதான் வருகிறது.

உங்களில் பெரும்பாலோர் கலியபெருமாளைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்வை இல்லாதவர்கள் என்பதால் மட்டும் சொல்லவில்லை. நேரில் வந்து பேசியவர்களே மிகக் குறைவு. பாடப்புத்தகங்களில், தேர்வுக் கையேடுகளில், ஒரு நாவலில் உங்களுக்கு அவர் குரலாக மட்டும் இருந்தார். அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி உங்களில் ஒருவரான தனலட்சுமிதான் கேட்டார். எழுதுகிறேன். இதையும் யாரோ ஒருவர் உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டியிருக்கும். கலியபெருமாள் படிக்க மாட்டார் என்பது இப்போதும் மனதில் ஏறவில்லை.

ஆள் குள்ளம். நல்ல கறுப்பு. முன் தலையில் முடி கிடையாது. எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. குருசுக்குப்பத்தில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பார் என்று அவரை விட்டுவிட்டுப் போனார்களாம். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். விழுப்புரம், திண்டிவனம், கடலூர், சிதம்பரம் என்று நாளெல்லாம் ஊர்ப் பெயர்கள். ஓய்வு பெற்றபின் ஒருநாள் சாரம் பகுதியில் மாடியில் இருக்கும் நம் ஒலிப்பதிவு அறைக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"கதை, கட்டுரையெல்லாம் படிச்சு எனக்குப் பழக்கமில்ல மேடம். ஆனா சத்தமாப் படிக்கத் தெரியும். தெளிவாப் படிக்கத் தெரியும்" என்றார்.

அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. முதலில் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுத் தனலட்சுமி தன் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார். தனலட்சுமி ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குபவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நாம் எதைப் பதிவு செய்தாலும் முதலில் கேட்டுக் குறை சொல்பவர். "மேடம், அசோகர் மூணாவது நடைமேடைக்கு வர்ற மாதிரி இருக்கு" என்றார். அதை அப்படியே கலியபெருமாளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுப்பதை நிறுத்திக்கொண்டார்.

நாவல் வேண்டும் என்று கேட்டதும் தனலட்சுமிதான். "எங்களுக்கு எப்பவும் பரீட்சைக்கு மட்டும்தான் படிச்சுக் குடுப்பீங்களா?" என்று ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டார். அலமாரியில் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த தடித்த நாவல் ஒன்று இருந்தது. பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் கிடந்த சிப்பாய்களின் கதை. பல ஆண்டுகளுக்கு முன் நான் அதைப் படித்திருந்தேன். நல்ல புத்தகம் என்பது நினைவிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது அவ்வளவாக நினைவில்லை. மற்ற தன்னார்வலர்களுக்கு நேரம் இல்லை. கலியபெருமாளிடம் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஏந்தி, "எனக்கு இதான் மொத நாவலு மேடம்" என்றார்.

அவர் முன்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு வருகிறவர் அல்ல. மைக் முன்னால் உட்கார்ந்துதான் பக்கத்தைத் திறப்பார். அந்த நாவலில் சண்டை அதிகம் இல்லை. மழைதான் அதிகம். சிப்பாய்கள் முழங்காலளவு சேற்றில் நிற்கிறார்கள். யாரோ எங்கோ வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யும்வரை நிற்கிறார்கள். படுக்க இடம் இல்லாததால் இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்து தூங்குகிறார்கள். ஓர் அத்தியாயத்தில், அப்படி உட்கார்ந்திருந்த ஒருவன் விடியும்போது முதுகில் சூடு குறைந்திருப்பதை உணர்கிறான். திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. திரும்பினால் பின்னால் இருப்பவன் சரிந்துவிடுவான் என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

கலியபெருமாள் அந்த இடத்தில் நிறுத்தினார். ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம் என்பதால் அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "ஃபேனைப் போடுங்க மேடம்" என்றார். போட்டேன். முந்தைய பக்கங்களைப் புரட்டித் தேடினார்.

"செத்தவன் பேரு என்னான்னு எழுதினவரு போடலியே?"

"தெரியலைங்க. போடாம விட்டிருக்கார்."

"பேரு இல்லாம எப்படி விடுவாரு?" என்றார். கோபமாகவே கேட்டார். கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களின் பெயர்களை வாழ்நாளெல்லாம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, யாரோ வந்து அழைத்துப் போகும்வரை மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். பெயரே இல்லாத ஒருவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குச் சில நாட்கள் கழித்து அஞ்சலை வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. படியேறி வந்த வேகத்தில் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"நீங்கதான் மேடமா? அவுருக்கு என்னா புத்தகம் குடுத்திருக்கீங்க?"

சொன்னேன்.

"கட்டில்ல படுக்க மாட்டேங்கறாரு. ராவெல்லாம் சொவத்துல முதுகை சாச்சிக்கிட்டுக் குந்தியிருக்காரு. சோறு வெச்சா பாதியில எழுந்துடறாரு. நேத்து என்னைக் கூப்பிட்டு, அஞ்சல, இப்பிடி வந்து என் முதுகோட முதுகா ஒக்காருங்கறாரு. பேரப்புள்ளைங்க பாத்தா சிரிக்காதா மேடம்?"

"உட்கார்ந்தீங்களா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"ஒக்காராம? அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்பிடி ஒக்காராம இருக்கறது?" என்றவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புத்தகம் வேணாம் மேடம். வேற ஆளை வெச்சுப் படிங்க. மனுசன் சம்பளமில்லாத வேலைக்குப் போயி ஒடம்பைக் கெடுத்துக்கணுமா?"

அவர் சொன்னது நியாயம். மறுநாள் கலியபெருமாளிடம் நிறுத்திவிடலாம் என்றேன். அப்போது அவர் புத்தகத்தின் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தார். பிர்மேன் என்கிற சிப்பாயின் அத்தியாயம் நடுவில் நின்றிருந்தது. பிர்மேனுக்குச் சுடுகிற வேலை இல்லை. குழியில் ஊறும் தண்ணீரைக் கைப்பம்பு அடித்து வெளியேற்றுவது அவன் வேலை. அடித்து முடித்தால் மறுபடி ஊறும். மறுபடி அடிக்க வேண்டும். ஒருநாள் அவன் படைப்பிரிவுக்கு வேறு இடத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. எல்லோரும் போய்விடுகிறார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் பம்பு அடித்துக்கொண்டிருந்த அவனிடம் சொல்ல யாருக்கும் நினைவில்லை. காலிக் குழியில் அவன் தனியாக அடித்துக்கொண்டேயிருக்கிறான்.

கலியபெருமாள் மறுப்புச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி என் மேசையில் வைத்துவிட்டு, "சரி மேடம். எனக்கும் முடியல" என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.

ஒரு கல்லூரி மாணவரை வைத்து மீதியைப் பதிவு செய்தேன். நல்ல குரல், நல்ல உச்சரிப்பு. தனலட்சுமி முதல் பத்து நிமிடத்திலேயே கூப்பிட்டுவிட்டார். "அவரு குரல்ல செத்தவங்க வேற யாரு குரல்லயோ பேசறாங்க மேடம். வேணாம். பாதியோட இருக்கட்டும்" என்றார். மாணவருக்கு வருத்தம். எனக்கு எல்லோர் மேலும் சலிப்பு. ஒரு பழைய போரைப் பற்றிய ஒரு கதை. அதற்காக ஒரு வீட்டில் சோறு இறங்கவில்லை, ஒரு பையன் மனம் வாடிப்போனான், கேட்பவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அலமாரியில் தூசி படிந்து கிடந்தபோது அந்தப் புத்தகம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். சத்தமில்லாமல் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். வெகுநாளாக எனக்குள் இருந்ததை அன்று கேட்டேன்.

"உங்க குடும்பத்தில யாராவது பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாம..."

"யாரும் இல்ல மேடம். இவளும் அதையேதான் கேக்கறா. டாக்டரும் கேட்டாரு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாராச்சும் இருந்திருந்தா தேவலாம். எங்க ஊட்டு ஆளுக்கு அழுதமாதிரி அழுதுட்டு, காரியம் பண்ணிட்டு, விட்டிருப்பேன். இவங்களுக்கு நான் என்னா மொறையில அழறது?"

சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை, "கதைதானே, கதைதானேன்னு தெனம் சொல்லிக்கிட்டு இருக்கேன் மேடம்" என்றார்.

"கதைதான். இல்லங்கல" என்றார் அவர். "எங்கப்பா போட்டுல தண்ணி ஏறுச்சுன்னா மொண்டு ஊத்துவாங்க. கை வலிச்சா அடுத்த ஆளு வாங்கிக்குவான். அடுத்த ஆளுன்னு ஒருத்தன் இருப்பான் மேடம். இவனுக்கு யாரும் இல்ல. பம்பு அடிச்சிக்கிட்டே இருக்கான். நான் பாட்டுக்கு மூடி வெச்சிட்டு வந்துட்டேன். நான் படிக்கிறவரைக்கும் அவன் அடிச்சிக்கிட்டுத்தான் இருப்பான்."

அஞ்சலை உள்ளே போய் மூன்று தம்ளரில் காபி எடுத்துவந்தார். குடித்து முடித்தோம்.

"நாளைக்கு வர்றேன் மேடம்" என்றார் கலியபெருமாள்.

அஞ்சலை வேண்டாம் என்று சொல்லவில்லை. "சாப்பாடு கட்டித் தர்றேன், அங்கயே தின்னணும்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். பிர்மேனை வேறொரு படைப்பிரிவு கண்டுபிடிக்கிறது. அவன் கையைப் பம்பிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். அவன் யாரையும் திட்டவில்லை. "அடுத்து யார் முறை?" என்று கேட்கிறான். கலியபெருமாள் அந்த வரியைப் படித்த விதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நடிப்பு எதுவும் இல்லை. பல மணி நேரம் நின்றுகொண்டிருந்த ஒருவர் இன்னொருவரிடம் கேட்பது போலவே கேட்டார். ஒருமுறை, அவர் படிக்க ஆரம்பித்த புதிதில், இன்னும் உணர்ச்சியாகப் படிக்கலாமே என்று சொல்லியிருக்கிறேன். "நான் உணர்ச்சியாப் படிச்சா கேக்கறவங்களுக்கு என்னா மேடம் மிச்சம் இருக்கும்?" என்றார் அன்று.

அதன்பின் அவர் எங்குமே நிற்கவில்லை. நாட்கள் போயின, புத்தகம் கடைசிக்கு வந்தது. போர் முடிந்துவிட்டது என்று அறிவிக்கிறார்கள். மிஞ்சியவர்களுக்குக் குதிக்கவோ பாடவோ தெம்பில்லை. சாலையோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறார்கள். அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைப் படித்ததும் கலியபெருமாள் புத்தகத்தை மூடினார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கவுமில்லை. வெளியே போய் நடையில் கிடந்த பெஞ்சில் படுத்தார். அந்த மத்தியான வெயிலில், கீழே ஆட்டோக்களின் இரைச்சலில், வாயைத் திறந்துகொண்டு குழந்தையைப் போல் தூங்கினார். சாப்பாட்டுடன் வந்த அஞ்சலை அவரை எழுப்பவில்லை. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, காலடியில் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். "எழுப்பாதீங்க மேடம், இன்னிக்குத்தான் படுத்திருக்காரு" என்றார்.

முழு நாவலும் உங்கள் கைக்கு வந்தபின் தனலட்சுமி அவரைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"சார், அந்தச் சேறு, குழி, முள்கம்பி எதையும் நான் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப நமக்குள்ள வித்தியாசமே இல்ல" என்றார் தனலட்சுமி. "எந்தப் புத்தகம் கேட்டாலும் கண்ணு இருக்கறவங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும்னு தோணும் சார். இதுல தோணல."

கலியபெருமாளின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று தனலட்சுமிக்கு நான் இதுவரை சொன்னதில்லை. சொல்கிறேன் அம்மா: உதட்டைக் கடித்துக்கொண்டு உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாவல் அவரைப் பெரிய வாசகராக்கியது என்று சொல்ல ஆசைதான். ஆக்கவில்லை. அடுத்து ஒரு நாவலைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னொண்ணு தாங்காது மேடம். ஒரு மனுசனுக்கு ஒண்ணு போதும்" என்றார். மறுபடி தேர்வுக் கையேடுகள், அரசாணைகள், சுற்றறிக்கைகள். முன்போலவே தெளிவாகப் படித்தார். முன்னைவிடச் சீக்கிரம் களைத்தார்.

ஒரு மாலை நடந்ததை அஞ்சலை பிற்பாடு சொன்னார். இருவரும் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தார்கள். சுண்டல் வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. தேடிப் போனால் போர் நினைவுச்சின்னத்தின் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இங்கிருந்து பிரெஞ்சுப் படையில் கப்பலேறிப் போய் அந்தப் போரில் செத்தவர்களுக்காகவும் கட்டியது அது. சுற்றிலும் ஐஸ்கிரீம், பலூன், செல்ஃபி எடுக்கும் கூட்டம்.

"சின்னப் புள்ளையிலேருந்து இதைத் தாண்டித்தான் போயி வந்துக்கிட்டு இருக்கேன் அஞ்சல. அழகா லைட்டு போட்ட கட்டடம்னு நெனச்சேன்" என்றாராம். உள்ளே பெயர்கள் இருக்குமா என்று எட்டிப் பார்த்தாராம். அவர் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. கேட் பூட்டியிருந்தது. "சுண்டல் வாங்கல, ஒண்ணும் வாங்கல. என்னையும் கூட நிக்க வெச்சிட்டாரு. கால் வலிக்குதுன்னு சொன்னேன். எனக்குந்தான் வலிக்குது, கொஞ்சம் நில்லுன்னாரு" என்றார் அஞ்சலை.

கருமகாரியம் முடிந்த மறுவாரம் அஞ்சலையே கூப்பிட்டார். அந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டும் என்றார். வேறு ஏதாவது கொண்டுவரட்டுமா, பாடப்புத்தகத்திலும் அவர் குரல் இருக்கிறதே என்றேன். "வேணாம் மேடம். அதையே எடுத்தாங்க" என்றார். ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனேன். பேரன் அதைத் தொலைக்காட்சியில் செருகி ஓடவிட்டுப் போய்விட்டான். திரையில் படம் எதுவும் இல்லை. கலியபெருமாள் தலைப்பைச் சொன்னார், முதல் அத்தியாயம் என்றார், மழை பெய்ய ஆரம்பித்தது.

அஞ்சலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முதலில் குரலை மட்டும்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கண் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கை நின்றது. கீரை மடியில் அப்படியே கிடந்தது. அத்தியாயம் முடிந்ததும் நான் ரிமோட்டை எடுத்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"ஏன் மேடம் நிறுத்தறீங்க?"

"போதுமே. இன்னொரு நாளைக்குக் கேட்கலாம்."

"அந்தப் புள்ளைங்க இன்னும் தண்ணியிலதானே நிக்குதுங்க?" என்றார். "எங்கயாச்சும் காஞ்ச எடமா ஏறட்டும். அப்பறம் நிறுத்துங்க."

அவர்கள் காய்ந்த இடத்தில் ஏற வெகுநேரமாகும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நண்பர்களே, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது என்ன என்று கேட்டால் இதுதான். எனக்கு உறவில்லாத, எப்போதோ இறந்துபோன, ஒருவேளை இருந்தேயிராத ஒருவனுக்காகவும் உடம்பு வலிக்கும்; அதற்கு ஒரு சொந்தக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அவர் காட்டவில்லை. வீட்டில் கேட்டார்கள், மருத்துவர் கேட்டார், நானும் கேட்டேன். யாரும் இல்லை என்ற உண்மையைத்தான் சொன்னார். நான் நிறைய நாவல்கள் படித்தவள். படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போனவள். இப்போது ஒரு புத்தகத்தை மூடும்போது கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறேன். களைப்பாக இருக்கிறது. அந்தக் களைப்பை அவர் கொடுத்ததாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.